புல்லுருவியை வேரறுக்கப் போனவர்கள்

பொள்ளாச்சிக்காரிக்கு நெய்வேலி வெளிநாடு மாதிரிதான். அங்கே கரி வெட்டுகிறார்கள், மின்சாரம் வருகிறது, இங்கே என் வீட்டு மிக்சி ஓடுகிறது. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் தங்கை பத்மா கல்யாணமாகி அந்த டவுன்ஷிப்புக்குப் போய் ஒரு தலைமுறையே ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் சுந்தரத்துக்கு மைன்ஸில் வேலை. இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனதெல்லாம் நல்லது கெட்டதுக்கு மட்டும். இந்தத் தடவை போனது ஒரு புல்லுருவிக்காக.

சிரிக்காதீர்கள். பத்மா போனில் சொன்னதை அப்படியே தருகிறேன். "அக்கா, கொல்லை மாமரத்துப் புல்லுருவில மறுபடியும் புழு வந்திருக்கு. போன வருசம் ஒண்ணே ஒண்ணு பூச்சியாகி வெளிய வந்தத பாத்தேன். இந்த வருசம் கொத்துக் கொத்தா இருக்கு. அவருக்கு இந்த மாசத்தோட ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸ காலி பண்றதுக்குள்ள எல்லாம் பறக்கறத ஒரு தடவ பாத்துடணும். நீயும் வா."

அவள் இதுவரை என்னிடம் எதையும் "பாத்துடணும்" என்று கேட்டதில்லை. எனக்குக் கோடை விடுமுறை. பெண்கள் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான். கிளம்பிவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. சீக்கிரம் போகாது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நெய்வேலி நெருங்கும்போது பஸ் டயர் பஞ்சர். "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க, பின்னாலயே வண்டி வந்துகினு இருக்குது" என்றார் கண்டக்டர். பின்னால் வெயில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா முந்திரிப் பழத்தை வகுந்து உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுத்தார். தொண்டையைப் பிடித்தது, ஆனாலும் இன்னொன்று கேட்டேன். எங்கள் ஊரில் முந்திரி என்றால் பாயசத்தில் மிதப்பதுதான். அதற்கு மேலே இப்படிச் சாறு வழியும் பழம் ஒன்று உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுத்தான் காட்டவேண்டும்.

டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "கட்சிக்குள்ள புல்லுருவிங்க பூந்துட்டாங்கய்யா. அவனுங்கள களை எடுத்தாதான் உருப்படும்."

எனக்குச் சுர்ரென்றது. தமிழில் இந்தச் செடியைப் போலத் திட்டு வாங்கிய செடி வேறு இல்லை. துரோகி என்றாலும் புல்லுருவி, கூட இருந்து குழி பறிப்பவன் என்றாலும் புல்லுருவி. அந்தச் செடி செய்கிற காரியம் இவ்வளவுதான்: மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சும், சோறு தானே ஆக்கிக்கொள்ளும், இலை பச்சையாக இருப்பது அதற்குத்தான். தண்ணீர் பக்கத்து வீட்டுக் குழாயில், சமையல் தன் அடுப்பில். பதிலுக்கு வெயில் காலத்தில் வேறெதுவும் பூக்காதபோது தேன்சிட்டுக்குப் பூக் கொடுக்கும், கட்டைவிரல் அளவுப் பூங்கொத்திக் குருவிக்குப் பழம் கொடுக்கும். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டே, அதன் புழு இந்த வகையறாச் செடியின் இலையைத்தான் தின்னும். மாவிலையை வாயில் ஊட்டினாலும் தின்னாது, பட்டினி கிடந்து சாகும்.

பேப்பர்காரரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் எல்லா ரோடும் ஸ்கேல் வைத்து இழுத்தது. எல்லா வீடும் ஒரே அச்சு. ஆட்டோக்காரர் "எந்த பிளாக்குங்க?" என்று கேட்டார். பிளாக் நம்பரை நான் மாற்றிச் சொல்லி, யாரோ ஒருவர் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் "பத்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த பிளாக்கா இருக்கும், தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. இந்த ஊரில் எல்லா மாவட்டமும் சுவருக்குச் சுவர் குடியிருக்கிறது.

பத்மா என்னைக் காப்பி குடிக்கக்கூட விடவில்லை. பையை வாங்கி வைத்துவிட்டு நேரே கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய மாமரம். வேலியை ஒட்டி நின்றதால் பாதி நிழல் தெருவுக்கு. தெருப்பக்கக் கிளையில் ஒரு புதர் முளைத்த மாதிரி புல்லுருவி அடர்ந்திருந்தது. அடுப்புத் தணல் நிறத்தில் நீளநீளப் பூ, கீழே சிவந்த பழம். இலைகளில் மஞ்சளும் பழுப்புமாகப் புழுக்கள், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசை கட்டித் தின்றுகொண்டிருந்தன. கிளையைத் தொட்டால் நூல் விட்டுக் கீழே தொங்கும். பத்மா தொங்கிய ஒன்றை விரலில் ஏந்தி மறுபடி இலையில் விட்டாள். அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாயிற்று. பிள்ளை பெங்களூரில், வீட்டுக்காரர் ஷிஃப்ட்டில். இந்தக் கிளையோடுதான் அவள் பேச்சுத்துணை.

அப்போதுதான் பார்த்தேன். அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வட்டம்.

"அதுவா" என்றாள் பத்மா. முகம் சுருங்கியது. "நம்ம பிளாக்குல ஒரு நலச் சங்கம் வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழமை எல்லா மரத்துலயும் புல்லுருவி எடுக்கறாங்களாம்."

"யார் அந்தச் சங்கத்துக்குத் தலைவர்?"

அவள் வீட்டைப் பார்த்தாள். வாசலில் பைக் நிறுத்தும் சத்தம் கேட்டது. சுந்தரம் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார்.

சுந்தரம் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். சாப்பிட உட்கார்ந்ததும், எனக்காகப் பத்மா கடைந்த பச்சைப்பயிறைத் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினார்.

"அக்கா, நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள இந்த பிளாக்குக்கு ஏதாவது ஒரு நல்லது பண்ணிட்டுப் போலாம்னு இருக்கேன். மரத்தக் காப்பாத்தறோம். நீங்களே பயாலஜி டீச்சர், உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதுனாலதான் கேக்கறேன் தம்பி. இருபது கிளை இருக்கிற மரத்துல ஒரு கிளைல இருக்கு. இந்த மாங்காய வித்தா நீங்க சாப்பிடறீங்க? வத்திப் போனா அந்த ஒரு கிளை வத்தும். மரம் நிக்கும்."

"இருந்தாலும் புல்லுருவி புல்லுருவிதானேக்கா."

அவ்வளவுதான் அவருடைய வாதம். செடி என்ன செய்கிறது என்பது கணக்கில்லை, அதன் பேர்தான் குற்றப்பத்திரிகை. பேனர் வேறு அடித்தாயிற்று என்று போனில் காட்டினார்: 'புல்லுருவிகளை வேரறுப்போம்! நம் பிளாக்கைக் காப்போம்!' மண்ணில் வேரே இல்லாத செடி அது தம்பி, எதை அறுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அது ஒரு பேச்சுக்குக்கா" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? நான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு காலையில் பேனரைக் கொண்டுவந்து எங்கள் வேலியிலேயே, மாமரத்தடியில் கட்டினார்கள். மரம் வெட்ட காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். கலியமூர்த்தி என்பவரும் அவர் மனைவி அஞ்சலையும், கூட இரண்டு பேர். கையில் நீளத் தொறட்டி. கலியமூர்த்தி மரத்தைப் பார்க்கவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாருக்குங்க எழுதியிருக்கீங்க?"

"செடிக்குப்பா" என்றார் சுந்தரம். "மேல இருக்கு பாரு, அதுக்கு."

"செடிக்குப் படிக்கத் தெரியுங்களா?"

சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். கலியமூர்த்தி சிரிக்கவில்லை.

"போன வாரந்தாங்க டீக்கடையில ஒருத்தரு எங்களப் பாத்து இதே வார்த்தைய சொன்னாரு. அவரு பர்மனென்ட்டு. காண்ட்ராக்ட்டுக்காரனுங்கல்லாம் புல்லுருவின்னாரு. இன்னிக்கு நீங்க அதையே பேனர் போட்டுக் கட்டிட்டு, அதுக்கு அடியிலயே எங்கள நின்னுகினு வேல செய்ய சொல்றீங்க."

"அட, அது வேற, இது வேறப்பா."

"நம்ம பிளாக்கைக் காப்போம்னு போட்டிருக்குது. யாருகிட்டருந்துங்க காக்கறீங்க?"

சுந்தரம் பேனரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே அவர் செடியைத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எல்லார் வாயிலும் ஊறவைத்துவிட்டு, இன்றைக்கு மட்டும் அது செடியைக் குறிக்கும் என்றால் யார் நம்புவார்கள்? கலியமூர்த்தி தொறட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். போகும்போது அஞ்சலை மட்டும் திரும்பிப் பத்மாவைப் பார்த்து "நாங்க வரோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தெருவைக் கூட்ட அவ்வப்போது வருகிறவள் என்பதால் இவளுக்குப் பழக்கம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். தெருமுனை டீக்கடைவரை அவர்கள் பின்னாலேயே போனேன்.

"நீங்க செஞ்சது ரொம்ப நல்ல காரியம்ங்க" என்றேன் கலியமூர்த்தியிடம். "அந்தச் செடிய வெட்டவே கூடாது."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, நாங்க செடிக்காக வரல. எங்களுக்குக் காடாம்புலியூர்ப் பக்கம் கொஞ்சம் முந்திரி கீது. அப்பா காலத்துல இருந்த நெலம் மைன்ஸுக்குப் போயி, அங்க போயி வாங்கினது. இந்த சனியன் முந்திரில ஏறிடிச்சின்னா காய்ப்பு போச்சி. கெளையோட வெட்டி எறிவேன். அந்தப் பேருலதாங்க எங்களுக்குக் கோவம். செடிமேல எனக்கு என்னா பாசம்?"

பல்லில் கல் கடித்த மாதிரி ஆயிற்று. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வயிற்றுக்கு வளர்க்கிற மரத்தில் ஏறினால் வெட்டத்தான் வேண்டும், நானும் வெட்டுவேன். விற்காத மரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத கிளையில் இருப்பதையும் ஒன்று விடாமல் வழித்து எடுத்தால் அந்தப் பூச்சியும் குருவியும் எங்கே போகும் என்பதுதான் என் கேள்வி. எங்கள் பள்ளி வளாகத்தில் இப்படித்தான் 'சுத்தம்' செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த வண்ணத்துப்பூச்சியை நான் புத்தகத்தில்தான் காட்டுகிறேன்.

அன்று சாயங்காலம் சுந்தரம் தானாகவே வந்து, "சரிக்கா, ஆளும் வரல. புழுவெல்லாம் பறந்து போற வரைக்கும் நம்ம மரத்த விட்டுடறேன். போதுமா?" என்றார். பத்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். "நெசமாவா?" என்றாள். "நெசமாத்தான்" என்றார். பேனரையும் அவிழ்த்துவிட்டார். அந்த இரண்டு மூன்று நாள் நன்றாகப் போயிற்று. காலையில் இரண்டு பேரும் நாற்காலியைப் போட்டுக் கொல்லையிலேயே உட்கார்ந்திருப்போம். பெரிய புழுக்கள் சில தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேட ஆரம்பித்திருந்தன. கூட்டுக்குள் போகப் போகின்றன என்றேன். பத்மா காலண்டரைப் பார்த்தாள். சுந்தரத்தின் ரிட்டயர்மென்ட் பங்ஷனுக்குள் பறந்துவிடும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம்.

பிறகு ஒருநாள் காலையில் சுந்தரம் சொன்னார்: "பங்ஷனுக்கு வர்றவங்களுக்கு முந்திரிப் பொட்டலம் குடுக்கணும். பண்ருட்டி போனா நல்லதா பாத்து எடுக்கலாம். ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன். அக்காவும் ஊரப் பாத்த மாதிரி ஆச்சு."

நான் ஒரு முட்டாள். சந்தோஷமாகக் கிளம்பினேன்.

பண்ருட்டியில் பலாப்பழம் லாரி லாரியாகக் குவிந்து கிடந்தது. ஒரு வியாபாரி பழத்தைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார், டாக்டர் நெஞ்சில் தட்டுவது மாதிரி. "இது நாளைக்கு, இது நாளானிக்கு, இது இப்பவே" என்று பிரித்து உருட்டினார். 'இப்பவே' ஒன்றை வாங்கினோம். மத்தியானம் ஒரு மெஸ்ஸில் பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரில் எதை வைத்தாலும் தேங்காயை அரைத்து ஊற்றி அடக்கிவிடுவோம்; இங்கே கருவாடு யாருக்கும் அடங்காமல் நின்றது. இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினேன். அந்தக் குழம்பை நினைத்தால் இப்போதும் வாயில் ருசியும் வயிற்றில் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. நாங்கள் அங்கே கையை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே வேலை நடந்திருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் பழத்தை ஏற்ற விடவில்லை. "வாசன வரும், ஈ மொய்க்கும்" என்றார். பலாப்பழத்துக்குப் பேர் போன ஊரில் பலாப்பழம் ஏறக்கூடாத பஸ். சண்டை போட்டு, என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முள் குத்திக்கொண்டே வந்தது.

தெருவுக்குள் திரும்பியதும் வெளிச்சம் அதிகமாக இருப்பது தெரிந்தது. எங்கள் மாமரத்தின் தெருப்பக்கம் மொட்டை. புல்லுருவி இருந்த கிளையையே அடியோடு அறுத்திருந்தார்கள். ஆள் வரவில்லை என்றால் என்ன, சங்கத்தார் தாங்களே ஏணி போட்டு ஏறியிருக்கிறார்கள். தலையில் பச்சைத் தொப்பி, கையில் ஜூஸ். பேனரை மறுபடி கட்டி, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரம் நடுவில்.

தெருவோரம் குவியலாகக் கிடந்தது புல்லுருவி. பூ இன்னும் வாடவில்லை. மைனாக்கள் வந்து பொறுக்க ஆரம்பித்திருந்தன. புழுக்கள் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு ஸ்கூட்டர் அவற்றின்மேல் ஏறிப் போயிற்று. ஓட்டியவர் நல்ல மனுஷர், எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

"பாருங்கக்கா" என்றார் சுந்தரம். "மரம் இப்பத்தான் மூச்சு விடுது."

நான் பேசியதை இங்கே முழுதாக எழுத முடியாது, பிள்ளைகள் படிக்கக்கூடும். மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மரத்தின் கையை வெட்டிய புத்திசாலிகள் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு, கட்டின பெண்டாட்டியை முந்திரி வாங்க அனுப்பிவிட்டு, முதுகுக்குப் பின்னால் செய்வதற்குத் தமிழில் என்ன பேர் தெரியுமா, நீங்கள் அடித்திருக்கிற பேனரிலேயே அந்தப் பேர் இருக்கிறது என்றேன். போட்டோ எடுத்தவர் போனைக் கீழே இறக்கினார்.

"அக்கா, எல்லாரும் வந்து நின்னுட்டாங்க" என்றார் சுந்தரம். "தலைவர் வீட்டு மரத்த விட்டுட்டா மத்தவங்க வீட்டுல எப்படி வெட்டறது? எம் பேச்சு என்னாவறது?"

பத்மா முந்திரிப் பையைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பங்ஷனுக்கென்று அவருக்கு எடுத்துவைத்திருந்த புது மயில்கண் வேட்டியைக் கொண்டுவந்து ரோட்டில் விரித்தாள். உட்கார்ந்து, புழு இருந்த கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தாள். ரோட்டில் ஊர்ந்தவற்றையும் பொறுக்கினாள்.

"பத்மா, அது பங்ஷனுக்கு எடுத்த வேட்டி" என்றார் சுந்தரம்.

"ஆமா" என்றாள் அவள். "இந்த ஊர்ல என்றது ஒண்ணு இருந்துச்சு, அது இந்தக் கெளதான். மத்ததெல்லாம் கம்பெனிது, உங்குளுது." எத்தனையோ வருஷமாக நெய்வேலித் தமிழ் பேசிய வாயில் 'என்னுடைய' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'என்ற' திரும்பி வந்ததைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தேன்.

புழுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெட்டிய இலை நாளைக்கு வாடிவிடும். டவுன்ஷிப்பில் அந்தச் சங்கம் விட்டு வைத்த புல்லுருவி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. எனக்குத் தெரிந்து புல்லுருவி உள்ள ஒரே இடம், அதைச் சனியன் என்று சொன்ன ஆளின் முந்திரிக் காடு. பத்மாவிடம் அஞ்சலையின் போன் நம்பர் இருந்தது. பாதி விஷயம் சொல்வதற்குள்ளேயே அஞ்சலை, "வாங்க, வாங்க, அவரு வூட்டுலதான் இருக்காரு" என்றுவிட்டாள்.

ஆட்டோ பிடித்தோம். மூட்டை என் மடியில். பாதி வழியில் டிரைவர் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இன்னாங்கம்மா இது, மேல ஏதோ ஊருது" என்றார். நூல் விட்டு நாலைந்து முன்னால் போய்விட்டிருந்தன. வண்டியை ஓரம் கட்டி, அவர் சட்டையிலிருந்து பத்மா பொறுக்கி எடுத்தாள். "கடிக்காதுங்க, வண்ணத்துப்பூச்சி" என்றாள். "அத ஏன் ஆட்டோல கூட்டினு போறீங்க, அதுக்குத்தான் ரெக்க இருக்குதே" என்றார் அவர். இன்னும் முளைக்கவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காடாம்புலியூருக்குச் சற்று உள்ளே முந்திரிக் காடு. கலியமூர்த்தி மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"அங்க வேணாம்னு வெட்டிப் போட்டத, இங்க கொண்டாந்து எறக்கறீங்க."

"இலைய எடுத்துக்கிட்டுப் போயிடறோம்ங்க" என்றேன். "உங்க மரத்துல ஏற்கெனவே இருக்கிற புல்லுருவியில புழுவ மட்டும் விடறோம். அது பறந்து போற வரைக்கும் அந்தச் செடிய வெட்டாம இருந்தா போதும்."

"கொஞ்ச நாளைக்குத்தாங்க" என்றாள் பத்மா.

கலியமூர்த்தி சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "கொஞ்ச நாளைக்கு, கொஞ்ச எடம். அப்பிடி சொல்லிகினுதாங்க எல்லாரும் வர்றாங்க."

பத்மாவின் முகம் செத்துப்போயிற்று. அஞ்சலைதான் நடுவில் வந்தாள். "அந்தக் கடைக்கோடி மரம் காய்ச்சி எவ்ளோ நாளாச்சி. அதுமேல இருக்கறதுதான? வுடு, இருந்துட்டுப் போவட்டும்."

அவர் தொறட்டியை எடுத்து முன்னால் நடந்தார். கோடி மரத்தின் தாழ்ந்த கிளையில் புல்லுருவி செழித்திருந்தது. தொறட்டியால் கிளையை எங்கள் கை எட்டும்வரை வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

"வைங்க" என்றார். "எடம் குடுத்தே பழகின ஊருதான் இது."

நாங்கள் கொத்துகளை அங்கங்கே செருகினோம். சற்று நேரம் கழித்து, முதலில் ஒன்று, பிறகு மற்றவை, வாடிய இலையை விட்டுப் புது இலைக்கு ஏறின. கலியமூர்த்தி கிளையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும். திரும்பும்போது, வெட்டுப்பட்ட கொத்துகளில் இருந்த சிவந்த பழங்களைப் பத்மா பறித்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்; வீட்டுக்கு வந்ததும் அதை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

வீட்டில் அதற்குப் பிறகு இருந்த பத்துப் பன்னிரண்டு நாளும் பேச்சுக் குறைந்துவிட்டது. பத்மா சுந்தரத்துக்கு வேளைக்குச் சோறு போட்டாள், அவ்வளவுதான். பங்ஷன் அன்று அவர் பழைய வேட்டியில் மேடையேறினார். மாலை, சால்வை, கைதட்டல். சங்கத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "புல்லுருவிகளை வேரோடு ஒழித்த நம் தலைவர்" என்றார். இன்னும் பலமான கைதட்டல். முன் வரிசையில் பத்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் தட்டவில்லை. பக்கத்திலிருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

மறுநாள் காலை வீடு காலி. லாரி வந்து சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது பத்மாவின் போனுக்கு அஞ்சலை வாய்ஸ் அனுப்பினாள். கட்டிலும் பாத்திரமும் இடிபடும் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேரும் காதை ஒட்டிக் கேட்டோம்.

"அம்மா, பூச்சி வந்துடிச்சிங்க. மஞ்சளா, செவப்பா, ஒண்ணு மேல ஒண்ணா பறந்துகினு இருக்குது. இவரு காலையில தொறட்டிய எடுத்துகினு அங்க போனாரு. நான் வெட்டத்தான் போறாருன்னு நெனச்சேன். சும்மா நின்னு பாத்துட்டு வந்துட்டாரு. நீங்க இப்பவே வாங்க."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வீட்டை ஒப்படைக்க ஆபீஸிலிருந்து ஆள் வரும் நேரம். பத்மா அந்த வாய்ஸை மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். "பாத்துடணும்னு நெனச்சேன்" என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். ஒரு போட்டோவுக்காக, நாலு பேர் கைதட்டலுக்காக, தன் கொல்லையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதை யாரோ ஒருத்தி போனில் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என் தங்கை.

அவள் கைக்குட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மாமரத்தடியில் நின்று மேலே எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. ஸ்டூல் லாரியில் ஏறிவிட்டிருந்தது. சுந்தரம் அங்கே வந்தார். அவளையும் கைக்குட்டையையும் பார்த்தார். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. லாரிக்குப் போய் ஸ்டூலை இறக்கிக்கொண்டு வந்து போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பத்மா ஏறி நின்று, பழத்தை நசுக்கி, உள்ளே இருந்த பிசினோடு விதையைக் கிளையின் பட்டையில் தேய்த்தாள். பூங்கொத்தி செய்வதும் இதுதான். பழத்தைத் தின்று, ஒட்டிக்கொண்ட விதையைக் கிளையில் துடைத்துவிட்டுப் பறக்கும்; அது அங்கேயே முளைக்கும். ஒரு கிளை, அடுத்த கிளை, உள்பக்கம் யார் கண்ணிலும் சட்டென்று படாத இடமாகப் பார்த்துத் தேய்த்தாள். பழம் தீர்ந்ததும் இறங்கினாள். அந்தப் பிசின் சோப்புக்கும் போகாது, எண்ணெய்க்கும் போகாது. சேலையில் துடைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஆபீஸ் ஆள் வந்து ஃபேன், குழாய், ஜன்னல் எல்லாம் பார்த்தார். "எல்லாம் காலி பண்ணிட்டீங்களாம்மா? ஒண்ணும் விட்டுட்டுப் போகலியே?" என்றார்.

"இல்லைங்" என்றாள் பத்மா.

சாவியை நீட்டினாள். அது அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.